கடலோர லாரிக்கு சைலன்சர் வேலை: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாசகர்கள் பழைய லாரி, மினி லாரிகளின் சைலன்சர் வேலை பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 2009 மாடல் டாடா 407 மினி லாரி இருக்கிறது. துறைமுகத்திலிருந்து மீனும் ஐஸும் ஏற்றுகிறோம். சைலன்சர் அடிப்பக்கம் இற்றுப்போய் ஓட்டை விழுந்துவிட்டது. முன் பைப் ஜாயிண்டிலும் கரி அடிக்கிறது. முழு செட்டும் கம்பெனி சாமானாக வாங்க இப்போது வசதியில்லை. எதை மாற்றினால் போதும்? எப்படிச் செய்வது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கெட்டது எது, இன்னும் உழைக்கக்கூடியது எது என்று முதலில் பிரித்துவிட்டால் செலவில் பெரும்பகுதி அங்கேயே மிச்சம். மீன் லோடு வண்டிகளில் சைலன்சர் அடித்தகடு, அதற்குப் பின்னால் வரும் வால் பைப், தொங்கல் பிராக்கெட் வெல்டிங் ஆகியவைதான் முதலில் போகும். இன்ஜின் பக்கத்து முன் பைப் பெரும்பாலும் தப்பிவிடும்.

காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. முன் பைப் கொதிப்பதால் ஆவி அங்கே தங்காது. சைலன்சர் அவ்வளவு சூடாவதில்லை. ஆவி அதில் தண்ணீராகப் படிந்து, டீசலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. துறைமுகத்திலிருந்து ஐஸ் கம்பெனி, அங்கிருந்து மார்க்கெட் என்று குட்டிக் குட்டி ஓட்டம் ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் காய்வதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். வெளியிலோ ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளும் புறமும் அரித்தால் தகடு எத்தனை நாள் தாங்கும்?

சோதனை இப்படி. வண்டி நன்றாக ஆறட்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுங்கள். துருச் செதில் கண்ணில் விழும், ஆகவே கண்ணாடி அவசியம். முன்னிருந்து பின்னாக ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்றால் தகட்டில் சத்து இருக்கிறது. சொத்தென்று கேட்டால் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டு இனித் தேறாது.

பிறகு இன்ஜினைப் பச்சையாக, அதாவது சூடேறுமுன் ஸ்டார்ட் செய்து, இன்னொருவர் வால் பைப் வாயில் தடித்த ஈரச் சாக்கை மூன்று நான்கு விநாடி வைத்துப் பிடிக்கட்டும். கசியும் ஜாயிண்ட் உஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வரும். சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் வட்டமான ஓட்டை ஒன்று இருந்தால் அதை ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது அது.

உங்கள் வண்டிக்கு வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு சைலன்சர், வால் பைப்புக்கு 2 முதல் 2.5 மீட்டர் பைப், தேவைக்கேற்ப இரண்டு வளைவுகள், முன் ஜாயிண்டுக்கு இரும்பு உறையிட்ட கேஸ்கட், அதன் ஃபிளான்ஜுக்குப் (போல்ட் பூட்டும் தட்டு) புது போல்ட் நட்டு, மூன்று தொங்கல் ரப்பர், இரண்டு கிளாம்ப். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். நைலான் வளையம் வைத்த லாக் நட்டு வாங்காதீர்கள். சூட்டில் நைலான் உருகி ஓடிவிடும். முழு இரும்பு லாக் நட்டு அல்லது பித்தளை நட்டு கேளுங்கள். அடுத்த முறை கழற்றும்போது பித்தளையின் அருமை தெரியும்.

பைப் அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் வெர்னியர் வைத்து வெளி விட்டம் எடுங்கள். துரு புடைத்திருக்கும் இடத்தில் அளந்தால் பொய்யளவு வரும். நல்ல இடத்தில் உரசிவிட்டு அளவெடுக்க வேண்டும். தடிமன் 2 மில்லிமீட்டர் போடுங்கள். 1.6 மலிவுதான், ஆனால் கடலோரத்தில் அந்த 0.4 மில்லிமீட்டர்தான் உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் காலம்.

கடையில் கிலோ கணக்கில் கொடுத்தால் ஏமாறாமலிருக்க ஒரு கணக்கு: வெளி விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, மறுபடி தடிமனால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் இரும்புப் பைப்பின் எடை கிலோவில் வரும். 63.5 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலப் பைப் 2 மில்லிமீட்டர் தடிமனில் மீட்டருக்கு 3.03 கிலோ. அதே பைப் 1.6 தடிமனில் 2.44 கிலோ. இரண்டரை மீட்டர் வாங்கினால் எடை ஏழரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். ஆறு கிலோதான் நிற்கிறதென்றால் கடைக்காரர் தடிமனைக் குறைத்துவிட்டார்.

சைலன்சர் புதிதாகவே வாங்குங்கள். கம்பெனி முத்திரை இல்லாத, அதே அளவில் வரும் சாதாரண சைலன்சர் போதும். வாய் இரண்டும் பழையதன் உள் விட்டத்துக்குக் குறையக் கூடாது, உடலும் பழையதைவிடச் சிறுக்கக் கூடாது. உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்தது, வெறும் தடுப்புத் தகடு வைத்தது என இரண்டு வகை வரும். உங்கள் தொழிலுக்குத் தகடு வகைதான் சரி. பஞ்சு உப்பு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

காயலாங்கடையில் ஃபிளான்ஜ், பிராக்கெட், மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சேர்த்து முன் பைப்புக்கு விடும் வார்ப்பிரும்பு) போன்ற தடித்த சாமான்களைத் தாராளமாக வாங்கலாம். பழைய சைலன்சர் மட்டும் வேண்டாம். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தாலும் உள்தடுப்பு இற்றிருப்பது கண்ணுக்குத் தெரியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலவென்று கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

பொருத்தும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டி அடியில் படுத்துக்கொண்டே முழு வெல்டிங்கும் செய்யக் கூடாது. தலைக்கு மேல் அடிக்கும் வெல்டிங்கில் பாதி ஓட்டை. பொறி விழுந்து பிரேக் ஹோஸும் கருகும். வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது எல்லாத் துண்டுகளையும் இடத்தில் பிடித்து, ஜாயிண்டுக்கு மூன்று நான்கு புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். பிறகு கழற்றி, மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பி முழு வெல்டிங் செய்யுங்கள். சாதா இரும்புக்கு 6013 என்ற எண்ணுள்ள வெல்டிங் ராடு, 2.5 மில்லிமீட்டர், 60 முதல் 80 ஆம்பியர். ஆம்பியர் ஏறினால் மெல்லிய பைப் உருகி ஓட்டையாகிவிடும்.

புள்ளி வெல்டிங் வைக்குமுன் பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் டயோடு பிழைக்கும். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் பைப்பிலேயே மாட்டுங்கள். சேஸிஸின் மறுகோடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். டீசல் பைப், டேங்க், பிரேக் குழாய் மேல் ஈரச்சாக்கு போர்த்தி, பக்கத்தில் தண்ணீரும் மணலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே கேனில் வரும் பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர் வெல்டிங் சூட்டில் உயிரைக் குடிக்கும் வாயுவாக மாறும்.

சைலன்சரின் இரு முனையையும் வெல்டிங் செய்து மூடிவிடாமல், வால் பைப் பக்கமாவது சொருகு ஜாயிண்டாக விடுங்கள். சைலன்சர் வாய்க்குள் செல்லாமல் அதன் மேல் ஏறும்படி வால் பைப்பின் முனையை விரித்து, 40 முதல் 50 மில்லிமீட்டர் சொருகிக் கிளாம்ப் போடுங்கள். புகை ஓடும் திசையில் முன்னது உள்ளே, பின்னது வெளியே என்பது விதி. அடுத்த முறை சைலன்சர் போனால் அதை மட்டும் கழற்றிக்கொள்ளலாம்.

முடித்த பிறகு, பைப் சேஸிஸிலிருந்து ஓர் அங்குலமாவது விலகியிருக்கிறதா என்று பாருங்கள். டீசல் குழாயிலிருந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 113. நைலான் பிரேக் குழாய் உள்ள வண்டியில் 100 மில்லிமீட்டராவது விடுங்கள், இடமில்லாவிட்டால் நடுவில் தகடு மறைப்பு கொடுங்கள். பின் அச்சுக்கு மேலே போகும் பைப் லோடு ஏறினால் இடிக்குமா என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வெறும் வண்டியில் சரியாகத் தெரியும் இடைவெளி ஐஸ் பெட்டி ஏறியதும் காணாமல் போகும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஆறின இன்ஜினில் எல்லா நட்டையும் ஒரு சுற்று முறுக்குங்கள். புதுக் கேஸ்கட் சூடுபட்டு அமுங்கியிருக்கும்.

கேள்வி: சைலன்சர் பசையும் துணிச் சுற்றும் போட்டு ஒரு வருஷம் ஓட்டலாமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: முடியாது. வழியில் ஓட்டை விழுந்தால் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். அடியில் உள்ள தகடு இற்றுக்கொண்டே போவதால் ஒட்டு அப்படியே கழன்று விழும். தகடு வைத்து வெல்டிங் அடிப்பதும் இதே கதைதான். இற்ற தகட்டில் ராடு வைத்தால் ஓட்டை பெரிதாகுமே தவிர ஒட்டாது. ஓட்டையைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு நல்ல தகடு இருந்தால் மட்டும் பைப்பில் அரைவட்ட ஒட்டு வைக்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பழைய லாரி ஓட்டுகிறார். நைட் டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் தலைவலி, குமட்டல் என்கிறார். கேபினில் புகை நாற்றம் இருக்கிறதாம். ‘சைலன்சர்ல சின்ன லீக்தான்’ என்கிறார். பயப்பட வேண்டுமா?
– வாசகி, தவளக்குப்பம்

பதில்: ஆமாம் அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசல் புகையில் அது பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனாலும் மூடிய கேபினில் மணிக்கணக்காக மூச்சில் இழுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வரும். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குத் தூக்கக் கலக்கம் வந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தலைவலி குறைகிறதென்றால் சந்தேகம் அநேகமாக உறுதி.

பழுது பார்க்கும் வரை இரண்டு பக்கக் கண்ணாடியும் இறங்கியிருக்கட்டும். இன்ஜின் ஓட ஓட கேபினில் படுத்துத் தூங்கவே கூடாது. மயக்கமோ குழப்பமோ வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

பட்டறையில் இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, மேனிஃபோல்டு கேஸ்கட், முன் பைப் ஃபிளான்ஜ் இரண்டையும் பார்க்க வேண்டும். கேபினுக்கு நேர் கீழே இருப்பவை இவைதான். வால் பைப் ஓட்டையால் இந்த அளவுக்கு நாற்றம் வருவது அபூர்வம். இன்னொன்று, புகை உள்ளே ஏறும் வழியை அடைப்பது: கியர் லீவர் அடியிலுள்ள ரப்பர் உறை, இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, வயர் நுழையும் துவாரங்கள், தரைத்தகட்டில் துரு ஓட்டை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இந்த இடங்களில் காட்டினால் காற்று எங்கே நுழைகிறது என்று அதன் புகை சொல்லிவிடும். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்து அனுப்ப விடாதீர்கள்.

கேள்வி: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முழு செட்டும் செய்துவிட்டால் ஆயுசுக்கும் வரும் என்கிறார்கள். கிரில் கடையில் ஸ்டீல் பைப் மலிவாகவும் கிடைக்கிறது. போடலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கிரில், கைப்பிடிக்கு விற்கும் மலிவான ஸ்டீல் பைப்பில் பெரும்பாலானது 202 ரகம். நிக்கல் குறைவு. கடற்காற்றில் வீட்டுக் கைப்பிடியே செம்புள்ளி பூக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தடிமனும் 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறோம்.

கம்பெனிகள் சைலன்சருக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 409 ரக ஸ்டீல் அல்லது அலுமினியப் பூச்சிட்ட இரும்புத் தகடு. 409-இல் காந்தம் ஒட்டும், மேலே லேசாகத் துருவும் படியும். அதைப் பார்த்து ‘இது ஸ்டீலே இல்லை’ என்று சண்டை போடுவோர் உண்டு. மேல்துரு உள்ளே இறங்க வெகுநாள் ஆகும், அதுதான் அதன் குணம்.

304 நல்ல சாமான்தான். உப்பில் அதிலும் புள்ளி அரிப்பு வரும், ஆனாலும் சாதா இரும்பைவிடப் பல மடங்கு தாங்கும். அதில் கவனிக்க வேண்டியது விரிவு. மூன்று மீட்டர் இரும்புப் பைப் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். அதே நீள 304 பைப் 15 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரும்புக்கு வைத்த பிராக்கெட்டில் 304-ஐ இறுக்கிப் பூட்டினால் நீள இடமில்லாமல் வெல்டிங் ஓரத்திலேயே வெடிக்கும். ரப்பர் தொங்கலும் பெல்லோஸும் (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்) கட்டாயம் வேண்டும்.

ஸ்டீலையும் இரும்பையும் சேர்க்கும் இடத்தில் 309எல் ராடு வேண்டும். 6013-ஐ வைத்தே ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், அந்த ஜாயிண்ட் எளிதில் விரிந்து உடையும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயை சைலன்சர் பைப்பாகப் போடுவதும் நம் பக்கம் நடக்கிறது. வெல்டிங் செய்யும்போது துத்தநாகப் புகை வரும். செய்பவருக்கு அன்றிரவே குளிர் காய்ச்சல். அவர் உடம்பையும் நினைத்துப் பாருங்கள்.

பணம் அளவாக இருந்தால் வால் பைப்பையும் தொங்கல் பிராக்கெட்டையும் மட்டும் 304-இல் செய்யுங்கள். சைலன்சர் அலுமினியப் பூச்சுத் தகட்டில், முன் பைப் 2 மில்லிமீட்டர் இரும்பில் இருக்கட்டும். பழைய வண்டியில் முழு செட்டும் 304-இல் போடுவதைவிட அந்தப் பணத்தை இன்ஜெக்டர் சர்வீஸுக்கு வைத்தால் வண்டிக்கு நல்லது.

கேள்வி: போன மாதம் பட்டறையில் முன் பைப்பிலிருந்து வால் வரை புதிதாகப் போட்டேன். அதிலிருந்து இழுவை குறைந்துவிட்டது, ஏற்றத்தில் கரும்புகை. இப்போது மேனிஃபோல்டில் கீறலும் விழுந்திருக்கிறது. என்ன தவறு?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: இரண்டு தவறுகள் சேர்ந்து நடந்திருக்க வேண்டும்.

இழுவைக்கு முதலில் பைப் அளவைப் பாருங்கள். இரண்டரை அங்குலம் இருந்த இடத்தில் கையிலிருந்த இரண்டு அங்குலத்தைப் போட்டிருப்பார்கள். அரை அங்குலம்தானே என்று தோன்றும். 2 மில்லிமீட்டர் தடிமனில் கணக்குப் போட்டால் புகை போகும் வழி கிட்டத்தட்ட 38 சதவீதம் சுருங்கிவிடுகிறது. புகை வெளியேற முடியாமல் சிலிண்டரிலேயே பின்வாங்கி நின்றால் புதுக் காற்றுக்கு இடமில்லை. டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. டர்போ உள்ள வண்டியில் அந்தச் சூடு டர்போவையும் தின்னும்.

வளைவுகளையும் பாருங்கள். சூடுகாட்டி வெறுமனே வளைத்தால் உள்பக்கம் மடிந்து நசுங்கும். பைப்பில் நன்றாகக் காய்ந்த மணலைக் கெட்டித்து நிரப்பி வளைக்க வேண்டும். ஈர மணலாக இருந்தால் ஆவி அடைத்து, மூடி வெடித்துத் தெறிக்கும். அல்லது துண்டு போட்டு வளைக்கலாம்: 90 டிகிரிக்கு நான்கு துண்டு, மூன்று ஜாயிண்ட், ஒவ்வொரு வெட்டும் 15 டிகிரி சாய்வு. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து வேகம் குறைப்பது) உள்ள வண்டியானால், கழற்றி மாட்டும்போது அதன் பட்டாம்பூச்சித் தகடு பாதி மூடிய நிலையில் கரியில் இறுகிவிட்டதா என்பதையும் கையால் அசைத்துப் பாருங்கள்.

மேனிஃபோல்டு கீறலுக்குக் காரணம் அநேகமாக பெல்லோஸ். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடுகிறது, சைலன்சர் சேஸிஸோடு நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுப்பதுதான் பெல்லோஸின் வேலை. அது கிழிந்திருந்ததென்று நேர் பைப்பை வைத்து வெல்டிங் செய்திருந்தால், ஆட்டம் முழுவதும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் கழுத்தில் போய் விழும். செலவைக் குறைக்கிறோம் என்று பட்டறைகளில் செய்யும் வேலைகளில் இதைவிட நஷ்டம் தருவது வேறில்லை.

புது பெல்லோஸ் போடும்போது அதை இழுத்தோ முறுக்கியோ நசுக்கியோ மாட்டாதீர்கள். இயல்பான நீளத்தில் பிடித்துப் புள்ளி வெல்டிங் வையுங்கள். வெல்டிங் பொறி அதன் மடிப்பில் விழுந்தால் ஊசி ஓட்டையாகும், ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். மேல் அம்புக்குறி இருந்தால் அது வால் பக்கம் பார்க்க வேண்டும்.

கீறிய மேனிஃபோல்டை 6013 வைத்து ஒட்டினால் மறுபடி பக்கத்திலேயே வெடிக்கும். நிக்கல் ராடு போட்டு, 250 டிகிரிக்கு மேல் முன்சூடு கொடுத்து, வெல்டிங் முடிந்ததும் காய்ந்த மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் கூலிக்குக் காயலாங்கடையில் கீறலில்லாத மேனிஃபோல்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். வாங்கியதும் மட்டக்கோல் வைத்து முகத்தைப் பாருங்கள், 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே நுழைந்தால் லேத்தில் முகம் எடுக்காமல் மாட்ட வேண்டாம்.

கேள்வி: முன் பைப் கழற்றும்போது மேனிஃபோல்டு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்துவிட்டது. இன்னும் மூன்று இருக்கிறது, தொடவே பயமாக இருக்கிறது.
– வாசகர், பண்ருட்டி

பதில்: மீதி மூன்றையும் இன்றே தொடாதீர்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை இன்று மாலை ஒரு முறை, இரவு ஒரு முறை, நாளைக் காலையில் ஒரு முறை அடியுங்கள். கழற்றும் முன் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, அடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் கேஸ் சூட்டில் சிவக்கவிட்டு, கொஞ்சம் ஆறியதும் முதலில் முறுக்கும் பக்கம் ஒரு இம்மி, பிறகு கழற்றும் பக்கம் என்று முன்னும் பின்னும் ஆட்டிக் கொண்டுவாருங்கள். நீள பைப் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் மீதி மூன்றும் முறியும். பக்கத்தில் டீசல் பைப் இருந்தால் கேஸ் சூடு வேண்டாம், நட்டை உளியாலோ கிரைண்டராலோ பிளந்துவிடுங்கள். ஸ்டட் போனாலும் மேனிஃபோல்டு பிழைக்கும்.

முறிந்ததற்கு: வெளியே கொஞ்சம் நீட்டியிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் நடுவில் வெல்டிங் நிரப்புங்கள். சூடு ஸ்டட்டை இளக்கும், வார்ப்பிரும்பில் ராடு எளிதில் ஒட்டாது, சிவப்பு தணிந்ததும் நட்டோடு சேர்ந்து சுற்றி வரும். முகத்தோடு முகமாக முறிந்திருந்தால் சரியாக நடுவில் புள்ளி குத்தி, முதலில் 3 மில்லிமீட்டர் டிரில், பிறகு படிப்படியாகப் பெரிதாக்குங்கள். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.25 மரைக்கு 6.8 டிரில், 10 மில்லிமீட்டரில் 1.5 மரைக்கு 8.5 டிரில். நடுப்புள்ளி விலகினால் மரை போய்விடும். அப்போது கம்பிச்சுருள் மரை போட லேத் கடைக்குத்தான் போக வேண்டும்.

புது ஸ்டட்டில் செப்புப் பசை தடவிப் போடுங்கள். மேனிஃபோல்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். முறுக்கு அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி.

கேள்வி: கரும்பு ஏற்றும் லாரி. கரும்புச் சோகை (காய்ந்த இலை) அடியில் தொங்கி சைலன்சரில் பட்டுப் புகைந்தது. வால் பைப்பை இடது பக்கமாகத் திருப்பி விடலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இடது பக்கம் கூடாது. புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக் கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் என்கிறது விதி 112. இடப்பக்கத்தில்தான் ஜனங்கள் நடக்கிறார்கள், நிற்கிறார்கள். எஃப்.சி.யிலும் (வண்டித் தகுதிச் சான்றுச் சோதனை) இது மாட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது மறைப்பு. 1 மில்லிமீட்டர் தகட்டை சைலன்சருக்கு மேலும் பக்கவாட்டிலும் ஓர் அங்குல இடைவெளி விட்டு, சேஸிஸில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். சைலன்சர் உடம்பிலேயே வெல்டிங் செய்தால் தகடும் சேர்ந்து சூடாகும், பயனில்லை. முன் ஜாயிண்டில் கசிவு இருந்தால் அங்கிருந்து வரும் காற்று வால் பைப்பில் வருவதைவிட மிகவும் சூடானது. சோகை, வைக்கோல், பஞ்சு ஏற்றும் சீசனுக்கு முன் அதை அடைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் சேஸிஸ் மேல் தேங்கிய சோகையைத் தட்டிவிடச் சொல்லுங்கள்.

சூடு வெளியே வராமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவது வேண்டவே வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கயிறு குடிக்கும் ஈரம் பைப்பையும் இரண்டு மழைக்காலத்தில் தின்றுவிடும்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் என் மினி லாரி சேஸிஸ் வரை தண்ணீரில் நின்றது. இன்ஜின் வேலை முடித்து ஓடுகிறது. சைலன்சர் இப்போது களகளவென்று சத்தம் போடுகிறது. அடுத்த முறை இப்படி ஆனால் என்ன செய்வது?
– வாசகர், பாகூர்

பதில்: சைலன்சருக்குள் சேறு தங்கி, தடுப்புத் தகட்டின் வெல்டிங்கை அரித்துவிட்டது. கழன்ற தகடுதான் ஆடுகிறது. அது புகை வழியை அடைத்துக்கொண்டால் வண்டி ஓடும்போதே நின்றுவிடும். சைலன்சரை மாற்றுங்கள், திறந்து ஒட்ட முயல வேண்டாம்.

தண்ணீரில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய ஆபத்து. வால் பைப் வழியாக ஏறிய தண்ணீர் சிலிண்டரில் இருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முன் பைப் ஜாயிண்டைப் பிரித்து வடியவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிய பிறகே ஸ்டார்ட்டர். சைலன்சரை நிமிர்த்திப் பிடித்து நல்ல தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து மாட்டி, முதல் ஓட்டம் நீண்ட தூரமாக ஓட்டுங்கள்.

கேள்வி: என் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிப்படி வந்த) வண்டிக்கும் இதேபோல் உள்ளூரில் செய்துகொள்ளலாமா? பழைய வண்டிக்கு எஃப்.சி.யில் புகை அளவு எவ்வளவு?
– வாசகர், செம்மண்டலம்

பதில்: 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் சைலன்சர் என்று நீங்கள் பார்ப்பதற்குள் புகை சுத்திகரிப்புச் சாமான்களும் சென்சார்களும் இருக்கின்றன. அதை வெட்டிக் காலி செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வண்டி இழுவை குறைத்துக்கொள்ளும், சட்டப்படியும் குற்றம். கடைசி வால் பைப் துண்டு, தொங்கல் ரப்பர் இவற்றை மட்டும் உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி (ஒரு மீட்டருக்கு ஒளியை மறைக்கும் கணக்கில்) 2.45-ஐத் தாண்டக் கூடாது, ஹார்ட்ரிஜ் என்ற இன்னொரு புகை அளவில் 65. பி.எஸ். 4-க்கு 1.62, அதாவது 50. சைலன்சர் மாற்றுவதால் மட்டும் இது இறங்காது. கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர். நீலப்புகைக்கு ரிங், வால்வு சீல் என்று தேட வேண்டும். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் என்பதால், தேதிக்கு ஒரு மாதம் முன்பே சைலன்சர் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் செய்யும் வெல்டிங்தான் அடுத்த வருஷம் மறுபடி வரும்.

கேள்வி: புது சைலன்சர் போட்டிருக்கிறேன். உப்புக்குத் தப்ப என்ன பூசலாம்? கழிவு ஆயில் தடவலாமா?
– வாசகர், தேங்காய்த்திட்டு

பதில்: கழிவு ஆயில் வேண்டாம், புகையும், தீயும் பிடிக்கும். சேஸிஸுக்கு அடிக்கும் தார்ப்பூச்சும் கூடாது. 600 டிகிரி தாங்கும் அலுமினிய நிற சூட்டுப் பெயின்ட், துருவும் எண்ணெயும் இல்லாத தகட்டில் இரண்டு மெல்லிய கோட். வெல்டிங் ஓரங்களில் மூன்றாவது கோட். டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றினால்தான் அது இறுகும், இல்லாவிட்டால் நகத்தால் சுரண்டினாலே வரும்.

பெயின்ட்டைவிடப் பயன் தருவது ஒன்று இருக்கிறது. மீன் பெட்டித் தண்ணீர் வடியும் துவாரம் பாடியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் அது நேராக சைலன்சர் தலைமேல் சொட்டுகிறது. ஓர் அங்குல ரப்பர் ஹோஸ் மாட்டி, சேஸிஸைத் தாண்டி வெளியே வடியும்படி கிளாம்ப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அடிப்பக்கத்தை வண்டி ஆறியபின் கழுவுங்கள், ஆனால் கடற்கரையோர போர் தண்ணீர் கரித்தால் அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். குடிதண்ணீர்க் குழாயில் நான்கு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுவியதும் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். சைலன்சரின் வடிகால் ஓட்டையைக் கம்பி விட்டு மாதம் ஒரு முறை குத்திவிடுங்கள்.